அஞ்சாவது சனிக்கிழமை எறா வறுவல்

புரட்டாசி பிறந்த அன்றைக்குக் காலையில் செட்டியார்பட்டி பாண்டிதுரை ஒரு சபதம் எடுத்தார். ஏனோதானோ சபதம் இல்லை. குளித்து முடித்து, ஈரத்துண்டோடு பெருமாள் படத்துக்கு நேராக நின்று, பெண்டாட்டி காதில் விழுகிற மாதிரி எடுத்த சபதம்.

“இந்த மாசம் முச்சூடும் மீனு, கறி, முட்டை, எறா எதையும் தொட மாட்டேன். தொட்டேன்னா நான் பட்டாளத்துக்காரனே இல்ல!”

அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டிருந்த வெள்ளத்தாய் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“முட்டைக்கோசு?”

“அது காய்தானே தாயி.”

“பேருல முட்டை இருக்கே, பட்டாளத்துல ஒத்துக்கிடுவாகளான்னு கேட்டேன்.”

அந்தச் சபதத்தில் பக்தி எவ்வளவு இருந்ததோ தெரியாது. புல்லட் நிறைய இருந்தது.

விஷயம் இதுதான். வீட்டிலிருந்த பழைய மொபெட் ஆவணி மாசத்தில் ஒருநாள் நடுரோட்டில் படுத்துவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்தான். மாலை வாங்கிப் போட்டுவிடலாம் என்றான். வீட்டுக்கு ஒரு வண்டி வேண்டும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும். பாண்டிதுரைக்குப் புல்லட் வேண்டும். அவர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி. அதே மில்லில் சூப்பர்வைசரான காளிராஜ் தன் கறுப்புப் புல்லட்டை விற்கப் போவதாகச் சொன்ன நாளிலிருந்து, பாண்டிதுரை சும்மா நடந்து போகும்போதுகூடக் கையை முறுக்கிக்கொண்டே போனார். வெள்ளத்தாய்க்கு ஸ்கூட்டி வேண்டும். சேத்தூரில் அவளுக்குத் தையல் கடை. மினி பஸ்ஸில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு போய், ஊராருக்கு ஜாக்கெட் தைத்துவிட்டு, தன் ஜாக்கெட்டைக் கிழித்துக்கொண்டு வருகிறாள்.

பத்து நாள் சண்டை நடந்தது. கடைசியில் வெள்ளத்தாயே ஒரு வழி சொன்னாள்.

“புரட்டாசி வருது. மாசம் முடியுத வரைக்கும் கவுச்சி படாம இருந்து காட்டுங்க. புல்லட்டே வாங்கிக்கிடுங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். இருக்க முடியலையா, ஸ்கூட்டி. என்ன சொல்றீய?”

“ஏட்டி, நான் சியாச்சின்ல ரெண்டு வருசம் பனியத் தின்னுட்டுக் கெடந்தவன். எனக்கு இது ஒரு மாசமா?”

சியாச்சின் என்பது ஊருக்குச் சொல்கிற கணக்கு. பதினேழு வருசப் பட்டாளத்தில் பதினாறு வருசம் அவர் ஜபல்பூர் ஸ்டோரில் கம்பளி மடித்துக்கொண்டிருந்தார். மீதி ஒரு வருசம் மடித்த கம்பளியைப் பிரித்துக் காயப்போட்டார். அது வெள்ளத்தாய்க்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

முதல் வாரம் கம்பீரமாகப் போயிற்று. இரண்டாவது வாரத்தில் சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயை எலும்பு கடிக்கிற பாவனையில் கடித்தார். மூன்றாவது வாரம் மில் வாசலில் படுத்திருக்கும் நாய் கருவாட்டுத் துண்டு ஒன்றைக் கவ்விக்கொண்டு போக, செக்யூரிட்டி உத்தியோகத்தை மறந்து அதன் பின்னாலேயே பத்தடி நடந்துவிட்டார். நான்காவது வாரம் தூக்கத்தில் இறால்கள் வந்தன. மீசையை முறுக்கிக்கொண்டு, மூன்று மூன்றாக வரிசைகட்டி, பாண்டிதுரையைப் பார்த்து சல்யூட் அடித்துவிட்டு அணிவகுத்துப் போயின. “எறா… எறா…” என்று அவர் முனகியதை, பக்கத்தில் படுத்திருந்தவள் கேட்டாள். கேட்டுவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காப்பி குடிக்கும்போது பாண்டிதுரை கெத்தாகச் சொன்னார்.

“நாளைக்கு அஞ்சாவது சனி. நாலு சனிக்கிழமைய ஓட்டியாச்சு. புதன்கிழமையோட புரட்டாசி காலி. காளிராஜ்கிட்ட வண்டியத் தொடைச்சு வைக்கச் சொல்லிட்டேன்.”

வெள்ளத்தாய் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அப்படியா?” என்றாள்.

அவ்வளவுதான்.  பிறகு பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“காலையில வில்லிபுத்தூர் போயிட்டு வாரேன். திரும்ப நேரமாகும். நீங்க ஏதாவது ஆக்கிச் சாப்பிட்டுக்கிடுங்க.”

நாலு சனிக்கிழமையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் மலையேறிச் சீனிவாசப் பெருமாளைக் கும்பிட்டு வந்தவள், அஞ்சாவது சனிக்கும் போகிறாள். பாண்டிதுரை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவள் எதற்குப் போகிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு அவளும் பதில் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெள்ளத்தாய் பஸ் ஏறினாள். எட்டே கால் மணிக்கு பாண்டிதுரையின் போன் அடித்தது. ராஜபாளையத்தில் மீன் கடை வைத்திருக்கும் சோலைச்சாமி.

“அண்ணே, தூத்துக்குடி எறா வந்து எறங்கியிருக்கு. ஒவ்வொண்ணும் பெருவிரல் தண்டி. எடுத்து வைக்கவா?”

பாண்டிதுரை கண்ணை மூடிக்கொண்டார். இடதுபக்கம் புல்லட் நின்றது. வலதுபக்கம் இறால் நின்றது. நடுவில் பெருமாள் நின்றார். வெள்ளத்தாய் மட்டும் எந்தப் பக்கமும் இல்லை. அவள் வில்லிபுத்தூர் பஸ்ஸில் இருக்கிறாள். பார்க்க ஆளில்லாத இடத்தில் தின்றது தின்றதாகாது என்று அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது.

“எடுத்து வை. வாரேன்.”

தலையில் துண்டு, மூக்கு வரைக்கும் மாஸ்க், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். பையில் கொண்டுவந்தால் பஸ்ஸில் நாறுமாம். மீன் கடைக்குப் போய்ச் சேர்ந்தவருக்குத் தலை சுற்றிவிட்டது. போன வாரம் இந்தப் பக்கமாகப் போனபோது சோலைச்சாமி ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். இன்றைக்கு முண்டியடிக்கிற கூட்டம். நெற்றி நிறைய நாமம் போட்ட ஆள்கூட ஒரு கையில் வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்துச் செவுளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடப் பாவிகளா, ஊருல ஒருத்தனுக்குக்கூட பக்தி இல்லையே” என்று பாண்டிதுரை மனம் நொந்துகொண்டே டிபன் கேரியரை நீட்டினார்.

“யாருண்ணே நீங்க?”

“நாந்தாம்ப்பா. பாண்டிதுரை.”

“நீங்களா! ஏன்ணே, பல்லு வலியா?”

“மெதுவாப் பேசு. முக்கால் கிலோ போடு. உரிச்சுக் குடு.”

“உரிக்கவா? இன்னைக்கு இருக்கிற கூட்டத்துல எனக்கு மூச்சுவிட நேரமில்ல. ஒரு மாசத்துக் கஞ்சிய இன்னைக்கு ஒருநாள்ல குடிக்கணும். நீங்களே உரிச்சுக்கிடுங்க.”

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழ்போட்டார். வாசல் குழாயடியில் உட்கார்ந்து உரித்தால் பக்கத்து வீட்டு நாகஜோதி பார்த்துவிடுவாள். அவள் பார்த்தால் அரை மணி நேரத்தில் தளவாய்புரம் வரைக்கும் தெரிந்துவிடும். ஆகவே குளியலறைக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்தார். தலையைக் கிள்ளு, ஓட்டை உரி, முதுகைக் கீறு, கறுப்பு நரம்பை இழு. முதல் இறாலுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. இரண்டாவது இறால் கையிலிருந்து வழுக்கி, வாளிக்குள் நீச்சலடித்தது. அதற்குள் ஜன்னலில் மூன்று பூனைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒன்றுகூட உள்ளூர்ப் பூனை இல்லை. சேத்தூரிலிருந்து வந்திருக்கும் போல.

உரித்த ஓடுகளையெல்லாம் பேப்பரில் சுற்றி, அதைப் பாலிதீனில் சுற்றி, அதை மறுபடியும் பேப்பரில் சுற்றி, டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து அமுக்கி மூடினார். பட்டாளத்தில் படித்த ஒரே வித்தை, மடிப்பதுதானே.

அடுத்தது வாசம். இறால் வாசம் மற்ற வாசம் மாதிரி இல்லை. தெருவில் இறங்கி நடந்து, கதவைத் தட்டி, “பாண்டிதுரை வீட்டுல இருந்து வாரேன்” என்று சொல்லும். அதனால் ஜன்னலெல்லாம் சாத்தினார். கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகினார். ஒரு மூலையில் சாம்பிராணி போட்டார். இரண்டு பர்னர் அடுப்பில் ஒன்றில் சாம்பாரை ஏற்றி, ஒரு கட்டிப் பெருங்காயத்தை முழுசாகப் போட்டார். ஊரே வந்து மோந்து பார்த்தாலும் பெருங்காயத்தைத் தாண்டி ஒன்றும் தெரியக்கூடாது.

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். ஒரு கிண்ணத்தில் உரித்த சின்ன வெங்காயம். இன்னொரு கிண்ணத்தில் அரைத்த இஞ்சி பூண்டு விழுது, அப்போதுதான் அரைத்ததுபோல. ஒரு மாசமாக இந்த வீட்டில் இஞ்சி பூண்டு விழுதே கிடையாது. பெருமாளே வந்து அரைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எல்லாம் சரி. எண்ணெய் காய்ந்தது. அப்போதுதான் ஒரு சின்னச் சங்கடம் தெரிந்தது. தின்னத் தெரியுமே தவிர இறால் வறுக்க அவருக்குத் தெரியாது. யோசித்தார். போனை எடுத்தார்.

“தாயி, நான் இங்க காளான் வறுக்கலாம்னு இருக்கேன். எப்படி வறுக்கணும்?”

 அந்தப் பக்கமிருந்து வெள்ளத்தாயின் குரல் ரொம்பப் பதனமாக வந்தது.

“காளானா? நல்லாச் செய்ங்க. மொதல்ல மஞ்சத்தூள், உப்பு, மொளகாத்தூள் போட்டுப் பெசறி வைங்க. முதுகுல இருக்க கறுப்பு நரம்ப எடுத்துட்டீயளா?”

“எல்லாத்துலயும் எடுத்துட்டேன்” என்றார் பெருமையாக.

“சரி. நல்லெண்ணெயில வெங்காயம், கருவேப்பிலை வதக்கி, இஞ்சி பூண்டு போட்டு, பச்ச வாசம் போனதும் அதப் போடுங்க. தண்ணி ஊத்தாதீய. அதுவே தண்ணி விடும். தண்ணி வத்தி, சுருண்டு, செவந்து வரும்போது எறக்கிருங்க. கூட ரெண்டு நிமிசம் வச்சீயன்னா செருப்புத் தோலு.”

“காளானா சுருளும்?”

“நல்ல காளான் சுருளும்.”

போனை வைத்துவிட்டுப் பாண்டிதுரை வாய்விட்டுச் சிரித்தார். பாவம், இருபத்திரண்டு வருசமாகச் சமைக்கிறாள், காளானைப் பற்றி ஒரு எழவும் தெரியவில்லை. ஆனால் சொன்ன பக்குவம் இறாலுக்குக் கச்சிதமாக இருந்தது. அதிர்ஷ்டம் என்றால் இதுதான்.

சட்டியில் இறாலைப் போட்டார். சொய்ங் என்றது. வெளிறிக் கிடந்தவை வெட்கப்பட்டதுபோலச் சிவந்தன. தண்ணீர் விட்டது, வற்றியது. ஒவ்வொன்றாகச் சுருண்டு, எண்ணெய் பிரிந்து, கருவேப்பிலை மொறுமொறுவென்று ஒட்டிக்கொண்டது. சாம்பிராணியையும் பெருங்காயத்தையும் முட்டித் தள்ளிக்கொண்டு அந்த வாசம் எழுந்தபோது பாண்டிதுரைக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. நாகஜோதி.

கதவை மூக்கு நீளத்துக்கு மட்டும் திறந்தார்.

“என்னண்ணே, வீட்டுல ஒரே பொகையா வருது? நான் தீப்பிடிச்சிருச்சோன்னு ஓடியாந்தேன்.”

“சாம்பிராணிம்மா. பூசை.”

“இன்னைக்கா?”

“பின்ன? சனிக்கிழமையாச்சே. உன் வீட்டுல இருந்து என்னம்மா வாசம் வருது?”

“கோழிண்ணே. நாட்டுக்கோழி. ஒரு மாசமா எங்க வீட்டுக்காரருக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு ஒரே சண்டை.”

“நல்லா இரும்மா” என்றார் பாண்டிதுரை, அவளைப் பார்த்தே வருத்தப்பட்டு. “பெருமாள் மன்னிப்பாரு.”

நாகஜோதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் முழங்கை வரைக்கும் மஞ்சள். மீசையில் ஒரு கருவேப்பிலை. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு போனாள்.

பாண்டிதுரை சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தட்டில் ஆவி பறக்கும் சோறு. பக்கத்தில் சட்டியோடு இறால். அடுப்பில் இருக்கும்போதே ஒன்றை எடுத்து வாயில் போட்டிருக்கலாம்தான். ஆனால் ஒரு மாசம் காத்தவர், முதல் வாயைச் சோற்றோடு முறையாக ஆரம்பிக்க நினைத்தார். இரண்டு இறாலைச் சோற்றுக்குள் புதைத்து, உருட்டி, கையைத் தூக்கினார். கை நெஞ்சுக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது.

“ஏங்க, கதவத் திறங்க!”

வெள்ளத்தாய் குரல்.

உருண்டை சட்டிக்குள் விழுந்தது. பாண்டிதுரை சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றினார். பீரோவுக்குள் வைத்தால் பட்டுச்சேலை. கட்டிலுக்கு அடியில் வைத்தால் பூனை. கண்ணில் பட்டது வாஷிங் மெஷின். மூடியைத் திறந்தார், சட்டியை இறக்கினார், மூடினார், கதவைத் திறந்தார்.

“என்ன தாயி, நேரமாகும்னு சொன்ன?”

“வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சு. அம்மாடி, என்ன பொகை! கண்ணு எரியுது. காளான் வெந்துச்சா?”

“வெந்து, தின்னு, ஏப்பமும் விட்டாச்சு.”

“நல்லது.” வெள்ளத்தாய் விசிறிக்கொண்டாள். “பஸ்ஸுல வேர்த்துக் கசகசன்னு இருக்கு. சேலைய மாத்தி மிஷின்ல போட்டுட்டு வாரேன்.”

“மிஷின்ல போடாத!”

“ஏன்?”

“ரிப்பேரு.”

“காலையில ஓடுச்சே.”

“இப்பத்தான் ரிப்பேராச்சு. தொட்டா ஷாக் அடிக்குது.”

வெள்ளத்தாய் மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள்.

“ஷாக் அடிக்கிற மிஷின்ல கருவேப்பிலை வாசமா வரும்?”

பாண்டிதுரை மெஷினை மறைத்துக்கொண்டு நின்றார்.  அவள் மெஷின் பக்கம் போகவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொம்பச் சாந்தமாகப் பேசினாள்.

“பஸ்ஸுல வரும்போது காளிராஜ் அண்ணன் போன் பண்ணுச்சு. சேத்தூர்க்காரர் ஒருத்தர் புல்லட்டுக்குக் கையில காசோட நிக்காராம். உங்களுக்கு வேணுமா, அவருக்குக் குடுத்துரவான்னு கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரரக் கேட்டுச் சொல்றேன்னுட்டேன். அந்தா பெருமாள் படம் இருக்கு. ‘புரட்டாசியில கவுச்சி தின்னல’ன்னு சூடத்த அணைச்சு ஒரு வார்த்த சொல்லிருங்க. வண்டிய இப்பவே வரச் சொல்லிருவோம்.”

பெருமாளைப் பார்த்தார். பெருமாளும் பார்த்தார். பட்டாளத்துக்காரர் சாமிக்குப் பயப்படுவார். வாஷிங் மெஷினுக்குள் முக்கால் கிலோ பாவத்தை வைத்துக்கொண்டு சூடம் அணைக்க அவருக்குக் கை வரவில்லை.

“தாயி…”

“சொல்லுங்க.”

“ஊருல யார்கிட்டயும் சொல்லிராத.”

“எதை?”

“நான் தோத்துட்டேன். ஸ்கூட்டியே வாங்கிக்கோ.”

“என்கிட்டச் சொன்னா? காளிராஜ் அண்ணன்கிட்ட சொல்லுங்க. பாவம், சேத்தூர்க்காரர் நிக்காருல்ல.”

பாண்டிதுரை போன் போட்டார். “காளிராஜ், புல்லட்டு வேண்டாம்ப்பா. அவருக்கே குடுத்துரு” என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. ஜபல்பூரை விட்டு வந்த அன்றைக்குக்கூட அப்படி உடையவில்லை.

போனை வைத்ததும் வெள்ளத்தாய் எழுந்தாள். நேராக வாஷிங் மெஷினுக்குப் போனாள், சட்டியை எடுத்தாள், தட்டில் சோற்றைப் போட்டாள், உட்கார்ந்தாள். முதல் இறாலை வாயில் போட்டாள்.

பாண்டிதுரை அலறிவிட்டார்.

“ஏட்டி! நீயுமா! புரட்டாசியில!”

“புரட்டாசியா? அது நேத்தோட முடிஞ்சு போச்சே. இன்னைக்கு ஐப்பசி ஒண்ணு.”

“அஞ்சாவது சனி?”

“அது எப்பவாவதுதான் வரும். இந்த வருசம் நாலு சனிதான்.”

பாண்டிதுரைக்கு மீன் கடைக் கூட்டம் கண்ணுக்கு முன்னால் வந்தது. நாமம் போட்ட ஆள் வந்தார். நாட்டுக்கோழி வந்தது. எல்லோரும் வரிசையாக வந்து சல்யூட் அடித்தார்கள்.

“அப்ப நீ கோயிலுக்குப் போகலையா?”

“நான் எங்க கோயிலுக்குப் போறேன்னு சொன்னேன்? வில்லிபுத்தூர் ஷோரூமுல ஸ்கூட்டி கலர் பாத்துட்டு வாரேன். நீலம் நல்லா இருக்கு.”

“அடியேய், அப்ப நான் ஜெயிச்சுட்டேன்!”

“ஆமா, ஜெயிச்சுட்டீய. யாரு இல்லேன்னா? காலையில கண்ணு முழிக்கும்போதே ஜெயிச்சுட்டீய. பொறவு நீங்களாத்தான் தோத்துட்டேன்னு சொன்னீய.”

“நீ ஏன் சொல்லல?”

“வீட்டுல தேதிக் காலண்டர் தொங்குது. நீங்க ஒருநாளாவது கிழிச்சிருக்கீயளா? தமிழ் மாசமெல்லாம் பொம்பளையாளுகதான் பாத்துக்கிடணும்னு யாரு சொன்னது?”

பாண்டிதுரை போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அந்த நேரம் பார்த்து உள்ளே டவர் போய்விட்டது. அப்படிப் போனால் வேப்பமரத்தடியில் ஒரு காலைத் தூக்கி நின்றால்தான் கிடைக்கும். ஒரு காலைத் தூக்கி நின்றார்.

“காளிராஜ்! குடுத்துராத! நான் ஜெயிச்சுட்டேன்!”

“அண்ணே, இப்பத்தானே வேண்டாம்னீய. அவரு சாவிய வாங்கி, கிக்கர ஒதைச்சு, போயே போயிட்டாரு. சத்தம் கேக்குதா பாருங்க.”

போனில் கேட்டது. டப்… டப்… டப்… என்று அந்தக் கம்பீரமான சத்தம் தூரமாகித் தூரமாகி, சேத்தூர் ரோட்டில் கரைந்துபோயிற்று.

பாண்டிதுரை தூக்கிய காலைக் கீழே வைத்தார். அப்போதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. மாசம் முடிந்தது ஒருபக்கம் கிடக்கட்டும். அவர் ஒரு இறாலைக்கூட இன்னும் தின்னவில்லை. புரட்டாசியிலும் தின்னவில்லை, ஐப்பசியிலும் தின்னவில்லை. சூடத்தை ஒன்றல்ல, ஒன்பது தடவை அணைத்திருக்கலாம். புல்லட் போனால் போகிறது, வாய்க்கு வந்ததாவது மிஞ்சட்டும் என்று உள்ளே பாய்ந்தார்.

சட்டி காலி. வெள்ளத்தாய் ஓரத்தில் ஒட்டியிருந்த மசாலாவைக் கடைசிப் பிடி சோற்றால் வழித்து வாயில் போட்டாள். கண்ணை மூடி, நிதானமாக மென்று, விழுங்கிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“உப்பு ஒரு கல்லு கம்மி. எறக்கும்போது ஒண்ணு எடுத்து ருசி பாத்திருக்கலாம்ல?”